மசாலா தேநீர்: வீட்டில் தயாரிக்கும் முறை

மசாலா தேநீர் என்பது தேயிலைத் தூளுடன் இஞ்சி, ஏலக்காய், கிராம்பு, பட்டை, மிளகு முதலியவற்றைக் கொதிக்கவைத்து, பாலும் இனிப்பும் சேர்த்து அருந்தும் பானம் ஆகும். வட இந்தியாவில் இது ‘மசாலா சாய்’ எனப்படுகிறது. எல்லாப் பொருள்களையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிட்டாலும் டீ கிடைக்கும். ஆனால் எதை முதலில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது என்பதில்தான் அதன் சுவை இருக்கிறது. பால் திரிவதும் திரியாததும்கூட அதைப் பொறுத்ததே.

சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் ஒன்றான அம்மாபேட்டை, நெசவாளர்கள் மிகுந்த பகுதி. தறியில் உட்கார்ந்தவர் நடுவில் எழுவது பெரும்பாலும் டீக்காகத்தான். பக்கத்தில் இருக்கும் சேர்வராயன் மலையோ காப்பி விளையும் மலை! டீத்தூள் நீலகிரியிலிருந்தோ அசாமிலிருந்தோ வர வேண்டும். மிளகு மட்டும் அருகிலேயே கிடைக்கிறது. ஏற்காட்டிலும் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையிலும் காப்பித் தோட்டங்களின் நிழல் மரங்களில் மிளகுக் கொடி படர்கிறது.

தேவையானவை

நான்கு டம்ளர் தேநீருக்குத் தண்ணீர் 350 மி.லி., காய்ச்சிய பால் 300 மி.லி., டீத்தூள் 3 தேக்கரண்டி, கட்டைவிரல் நுனியளவு இஞ்சி, ஏலக்காய் 4, கிராம்பு 2, மிளகு 4, சிறு துண்டுப் பட்டை, சர்க்கரை தேவைக்கேற்ப. இலைத் தேயிலையைவிட, சி.டி.சி. முறையில் நசுக்கி, கிழித்து, சுருட்டிய தூளே இதற்கு ஏற்றது. அது விரைவில் சாறு இறங்கும். பாலும் மசாலாவும் சேர்ந்த பிறகும் அதன் நிறமும் கடுப்பும் நிற்கும். கிராம்பை மட்டும் கூட்டிவிடக் கூடாது. நான்கைந்து போட்டால் பல்வலி மருந்து குடிப்பது போலிருக்கும்.

செய்முறை

இஞ்சியையும் மிளகையும் சிறு உரலில் ஒன்றிரண்டாகத் தட்டி, கிராம்பு, பட்டையுடன் தண்ணீரில் போட்டு, மூடி, 5 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். பிறகு டீத்தூளைச் சேர்த்து 2 நிமிடம் கொதிக்கவைக்கலாம். அதற்கு மேல் போனால் துவர்ப்பு ஏறும். அடுத்து சூடான பாலையும் சர்க்கரையையும் சேர்த்து, ஒரு முறை பொங்கிவரும்போது அடுப்பைக் குறைத்து, மறுமுறை பொங்கியதும் அணைக்க வேண்டும். ஏலக்காயின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெயில் இருப்பதால், அதைத் தட்டி அணைக்கும் தறுவாயில் போட்டு, ஒரு நிமிடம் மூடிவைத்து வடிகட்டலாம்.

பால் ஏன் திரிகிறது?

இஞ்சி டீ போடும்போது பால் திரிந்துபோவதுண்டு. அரை லிட்டர் பால் வீணானால் அன்றைய காலைச் செலவே கணக்கு மாறிவிடும். பாலின் மேல் பழியைப் போட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதும் நடப்பதுதான். பால் பழையதாகிப் புளிக்கத் தொடங்கியிருந்தால் அது காரணமாகலாம். நல்ல பாலும் திரிந்தால் இஞ்சியைக் கவனிக்க வேண்டும். பச்சை இஞ்சியில் ‘ஜிங்கிபெயின்’ என்னும் நொதி உள்ளது. அது பாலிலுள்ள கேசின் புரதத்தைச் சிதைப்பதால் பால் உறைகிறது. மிதமான சூட்டில் இந்த நொதி வேகமாக வேலை செய்யும். கொதிக்கும் நீரில் அழிந்துவிடும். எனவே இஞ்சி முதலில் தண்ணீரில் நன்றாகக் கொதித்திருந்தால் பாலுக்கு ஆபத்தில்லை. நம் வீட்டில் தொல்லையாகும் இந்த நொதியே சீனாவின் குவாங்தோங் மாகாணத்தில் ஒரு பலகாரத்துக்கு உதவுகிறது. அங்கே இஞ்சிச் சாற்றில் சூடான பாலை ஊற்றித் தயிர்போல் உறையவைத்து உண்கிறார்கள்.

வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ சேர்ப்பவர்கள் அடுப்பை அணைத்து, சற்று ஆறிய பிறகே கலக்க வேண்டும். கொதிக்கும் பாலில் போட்டால் அவற்றாலும் பால் திரியக்கூடும்.

எப்போது குடிக்கலாம்?

தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள், கீரை, பயறு முதலிய தாவர உணவுகளிலுள்ள இரும்புச்சத்தைப் பிணைத்து, உடலில் சேரவிடாமல் குறைக்கின்றன. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) கூறுகிறது. இட்லியோடு டீ, சோறு உண்டு கை கழுவியதும் டீ என்னும் பழக்கம் இவர்களுக்கு ஏற்றதல்ல. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ குடிக்கலாம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024 உணவு வழிகாட்டியின் அறிவுரை.

தூளைச் சோதித்தல்

உதிரியாக வாங்கிய டீத்தூளில் சாயம் கலந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். வடிதாளில் சிறிது தூளைப் பரப்பி, நீர் தெளித்து நனைத்து, பின்பு தாளைக் குழாய் நீரில் கழுவி வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். நல்ல தூள் கறை விடாது. சாயத்தூள், நீர் பட்டவுடனேயே தாளில் பழுப்புக் கறையாக இறங்கும்.