மடியில் ஒரு பயணி

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். இரண்டு வயதுக் குழந்தையோடு போகிறவர்களுக்கு முதல் மூன்றரை மணி நேரம் எப்படியோ ஓடிவிடும். பிள்ளை தூங்கும், எழுந்திருக்கும், பிஸ்கட்டை நொறுக்கும், முன் சீட்டை உதைக்கும், ஜன்னல் மூடியை முப்பது தடவை ஏற்றி இறக்கும். அப்புறம் விமானம் கீழே இறங்க ஆரம்பிக்கும். எங்கோ ஒரு வரிசையில் ஒரு குழந்தை வீறிடும். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து இன்னொன்று சேர்ந்துகொள்ளும். பசி என்பார் ஒருவர், பயம் என்பார் இன்னொருவர், கண் பட்டுவிட்டது என்பார் பாட்டி. பெரும்பாலான நேரம் காரணம் குழந்தையின் காதுக்குள் இருக்கிறது.

பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தத்தைத் தரைமட்டத்துக்குச் சமமாக வைப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அழுத்தம்தான் உள்ளே இருக்கும். ஊட்டியின் உயரம் ஏறக்குறைய 7,350 அடி. அதாவது, சீட்டில் உட்கார்ந்தபடியே எல்லோரும் ஊட்டிக்கு ஏறுகிறார்கள். கடைசி அரை மணியில் மறுபடி சமவெளிக்கு இறங்குகிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் காது அடைப்பது எதனாலோ, இங்கும் அதனால்தான்.

நடுக்காதிலிருந்து தொண்டையின் பின்புறத்துக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. யூஸ்டேஷியன் குழாய் என்று பெயர். மேலே ஏறும்போது நடுக்காதின் காற்று இதன் வழியாகத் தானே வெளியேறிவிடும். இறங்கும்போது நிலைமை வேறு. வெளியிலிருந்து காற்று உள்ளே போக வேண்டும். ஆனால் குழாய் சும்மா திறக்காது. எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோதான் திறக்கும். பெரியவர்கள் இதை யோசிக்காமலே செய்துவிடுகிறார்கள். சின்னக் குழந்தைக்கு இந்தக் குழாய் குட்டையானது, குறுகலானது, கிட்டத்தட்டப் படுக்கைவசமானது. லேசாகச் சளி பிடித்தாலே அடைத்துக்கொள்ளும். அப்போது செவிப்பறை உள்பக்கமாக இழுபடும். இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், உயரத்தில் பறக்கும்போது ஒரு காலி தண்ணீர் பாட்டிலை இறுக மூடி வைத்தால் போதும். தரையிறங்கியதும் அது ஒடுங்கிக் கிடக்கும்.

ஆகவே பாலோ தண்ணீரோ கொடுக்க வேண்டிய முக்கியமான நேரம் இறங்கும் நேரம். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. விமானம் ஓடுபாதைக்குப் போக வரிசையில் நிற்கும்போதே பால் பாட்டில் வாய்க்குப் போய்விடும். கிளம்புவதற்குள் பால் தீர்ந்துவிடும். தேவைப்படும்போது குழந்தைக்குப் பசியும் இருக்காது, பாட்டிலில் பாலும் இருக்காது. தரையிறங்கச் சுமார் அரை மணி நேரம் இருக்கும்போது என்ஜின் சத்தம் குறையும், விமானம் லேசாக முன்பக்கம் சாயும். தாய்ப்பாலோ பாட்டிலோ ஸ்ட்ரா வைத்த கப்போ, அப்போது தொடங்கினால் சரி. தூக்கத்தில் விழுங்குவது குறைவு என்பதால், அசந்து தூங்கும் குழந்தையை இந்த நேரத்தில் எழுப்பிவிடச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. தூங்குகிற பிள்ளையை எழுப்புவதா என்று எந்தத் தாய்க்கும் கை வராது. ஆனாலும் பத்து நிமிடம் கழித்து வலியில் தானே எழுந்து அலறுவதைவிட இது மேல்.

மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளைக் கொட்டாவி விடும் போட்டிக்கு இழுக்கலாம். மிட்டாய் கொடுத்துச் சப்பவிடுவது பழைய யோசனைதான். ஆனால் நாலு வயதுக்குள் கெட்டியான மிட்டாய், வேர்க்கடலை, பாப்கார்ன் எதுவும் வேண்டாம். விமானம் குலுங்கும்போது அது தொண்டையில் மாட்டிக்கொண்டால் அடுத்த மருத்துவமனை பல ஆயிரம் அடிக்குக் கீழே இருக்கும். பயணத்துக்கு முன் காதுவலியோ கடுமையான சளியோ இருந்தால் குழந்தை மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது.

சொந்தக்காரர்களிடமிருந்து தவறாமல் வரும் இன்னொரு யோசனை, தூங்க வைக்கிற சிரப். அலர்ஜிக்கும் வாந்திக்கும் கொடுக்கும் சில மருந்துகள் தூக்கத்தையும் தரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றில் ஒன்றான புரோமெத்தசினை இரண்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது, மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-ல் மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. சில பிள்ளைகளுக்கு இந்த வகை மருந்துகள் நேர்மாறாக வேலை செய்யும். தூங்குவதற்குப் பதில் துள்ளிக் குதிப்பார்கள். மூடிய விமானத்தில் அது யாருக்கும் வேண்டாத சோதனை.

காதுவலி அரை மணியில் தீர்ந்துவிடும். மடி விஷயம் அப்படியில்லை. இரண்டு வயது நிறையும்வரை குழந்தைக்குத் தனி சீட் வாங்க வேண்டியதில்லை, மடியில் வைத்துக்கொள்ளலாம் என்பது கிட்டத்தட்ட உலகம் முழுக்க உள்ள வழக்கம். சர்வதேச விமானங்கள் பலவற்றில் பெரியவர் கட்டணத்தில் சுமார் பத்து சதவீதம் கொடுத்தால் போதும். வயது பயண நாளை வைத்துக் கணக்கிடப்படும். இங்கிருந்து போகும்போது ஒன்றே முக்கால் வயது, திரும்பும்போது இரண்டு வயது தாண்டிவிட்டது என்றால், திரும்பும் பயணத்துக்காவது தனி டிக்கெட் எடுக்க வேண்டும். பிறந்த நாளைத் துபாயில் கொண்டாடிவிட்டு விமான நிலையக் கவுன்ட்டரில் இதைத் தெரிந்துகொள்கிற குடும்பங்கள் இருக்கின்றன.

பாதுகாப்புக் கண்ணோடு பார்த்தால் இந்த இரண்டு வயதுக் கோட்டில் பெரிய நியாயம் தெரியவில்லை. பெரியவர்களின் இருக்கைகள் அவர்கள் எடையைப்போல 16 மடங்கு விசையைத் தாங்குகின்றனவா என்று சோதிக்கப்படுகின்றன. 12 கிலோ குழந்தை அதன் எடையைப்போல நாலு மடங்கு விசையோடு தூக்கி எறியப்பட்டால், தாயின் கைகள் ஏறக்குறைய 48 கிலோவைப் பிடித்து நிறுத்த வேண்டும். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் நடுவானில் பலமாகக் குலுங்கியது. 4.6 வினாடிக்குள் அது 178 அடி கீழே போனது என்கிறது விசாரணை அறிக்கை. பெல்ட் போடாதவர்கள் மேலே போய்க் கூரையில் மோதினார்கள். அந்த நேரத்தில் யாராலும் எதையும் இறுக்கிப் பிடித்திருக்க முடியாது.

மடிக்குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டுமா என்ற வாதம் 1989 ஜூலை 19-க்குப் பிறகு சூடுபிடித்தது. அன்று டென்வரிலிருந்து சிகாகோ போன யுனைடெட் ஏர்லைன்ஸ் 232 விமானத்தின் வால் என்ஜின் வெடித்து, விமானத்தைத் திருப்பும் ஹைட்ராலிக் வசதி முழுவதும் செயலிழந்தது. அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் விமானம் மோதித் தரையிறங்கியது. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். மடிக்குழந்தைகள் நான்கு பேர் இருந்தார்கள். அவர்களைத் தரையில் படுக்க வைத்து, சுற்றிலும் மெத்தென்ற பொருள்களை வைத்துப் பிடித்துக்கொள்ளும்படி பெற்றோரிடம் சொன்னார் தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன். அன்றைய கையேடு அதைத்தான் சொன்னது. நால்வரில் ஒரு குழந்தை இறந்துபோனது. எரிந்துகொண்டிருந்த விமானத்துக்குள் மகனைத் தேடித் திரும்பப் போக முயன்ற தாயை வழிமறித்து நிறுத்தியவரும் பிரவுன்தான். அதற்குப் பிறகு பல ஆண்டுகள், குழந்தைகளுக்கும் தனி இருக்கையும் பெல்ட்டும் கட்டாயமாக வேண்டும் என்று அவர் வாஷிங்டனில் போராடினார்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அது சொன்ன காரணம் விசித்திரமானது, ஆனால் கணக்கு சரியானது. தனி டிக்கெட்டைக் கட்டாயமாக்கினால் செலவுக்குப் பயந்து சில குடும்பங்கள் காரில் கிளம்பிவிடும்; சாலையில் சாகும் குழந்தைகளின் எண்ணிக்கை விமானத்தில் பிழைப்பவர்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிடும். 2003-ல் வந்த ஒரு மருத்துவ ஆய்வும் இதையே சொன்னது. அந்த விதியால் அமெரிக்காவில் ஆண்டுக்கு 0.4 குழந்தைகளின் உயிர்தான் காப்பாற்றப்படும் என்று அது கணக்கிட்டது. அவ்வளவு அரிதானது இந்த ஆபத்து. பயந்துபோய் யாரும் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டியதில்லை.

ஆனால் அது டென்வர், சிகாகோ போன்ற ஊர்களுக்கான கணக்கு. சென்னையிலிருந்து துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ யாரும் காரில் போகப்போவதில்லை. நம்மூர்ச் சட்டத்திலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. 2022-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிப்படி, நாலு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால் ஓட்டுநரோடு சேர்த்துப் பிணைக்கும் பட்டை போட வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் ஓடி மேலெழும்பும் விமானத்தில் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அம்மாவின் மடி போதும்!

இந்திய விமானங்களில் மடிக்குழந்தைக்கு ஒரு துணை பெல்ட் தருவார்கள். பெரியவரின் பெல்ட்டில் கோத்துக் குழந்தையின் இடுப்பைச் சுற்றிப் போடுவது. ஐரோப்பாவில் இது கட்டாயம். அமெரிக்காவில் விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் இதைப் போட அனுமதி இல்லை. மோதும்போது பெரியவரின் உடம்பு முன்னால் மடங்கிக் குழந்தையை நசுக்கிவிடும் என்பது அவர்கள் கவலை. ஒரே பொருளைப் பற்றி இரண்டு கண்டங்கள் இப்படி முரண்படுகின்றன. நடுவானில் குலுங்கும்போது பெல்ட் கண்டிப்பாக உதவும், அதனால் மறுக்காமல் வாங்கிப் போட்டுக்கொள்வதே நல்லது. பெரியவரின் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்து வைத்துப் பூட்டுவது மட்டும் எந்த நாட்டிலும் கூடாது.

தனி சீட் வாங்க வசதியுள்ளவர்கள், விமானத்தில் பயன்படுத்தலாம் என்ற முத்திரையுள்ள கார் சீட்டைக் கொண்டுபோகலாம். அதைத் தூக்கிச் சுமக்க முடியாதவர்களுக்கு, 10 முதல் 20 கிலோ எடையுள்ள பிள்ளைகளுக்கென்றே கேர்ஸ் என்ற பட்டை விற்கிறது. சீட்டின் முதுகில் சுற்றி மாட்டினால் தோளையும் பிடித்துக்கொள்ளும். அமெரிக்க நிர்வாகம் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. இங்கே விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம்.

இரண்டு மடிக்குழந்தைகளோடு ஒரே பக்கத்து மூன்று சீட்டில் அக்காவும் தங்கையும் உட்காரப் போனால் பணிப்பெண் பிரித்து உட்கார வைப்பார். அது வீம்பு இல்லை. பல விமானங்களில் மூன்று சீட்டுக்கு மேலே நாலு ஆக்ஸிஜன் முகமூடிகள்தான் இருக்கும். அந்த நாலாவது, மடிக்குழந்தைக்கு. மூன்று சீட்டிலும் ஆள் இருந்தால் இரண்டாவது குழந்தைக்கு அங்கே மூச்சுக்கு வழியில்லை. முதலில் பெரியவர் மாட்டிக்கொண்டு பிறகு குழந்தைக்கு மாட்டச் சொல்வதற்கும் காரணம் உண்டு. 35,000 அடியில் காற்றழுத்தம் போய்விட்டால் நிதானத்தோடு செயல்பட 30 முதல் 60 வினாடிகள்தான் கிடைக்கும்.

இரண்டு வயது தாண்டியவர்களுக்குச் சிக்கல் வேறு வகை. மூன்று வயதுப் பிள்ளைக்கு 14-ஆம் வரிசை, அம்மாவுக்கு 22, அப்பாவுக்கு 27 என்று கம்ப்யூட்டர் சீட் ஒதுக்கிய காலம் உண்டு. சேர்ந்து உட்காரத் தனிக் கட்டணம். 12 வயது வரையுள்ள குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் அல்லது உடன் வரும் காப்பாளர் பக்கத்தில் இடம் தர வேண்டும் என்று இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. இது ஒரே பி.என்.ஆரில் பதிவு செய்தவர்களுக்குத்தான். அப்பா டிக்கெட்டை ஆபீஸ் போட்டுக் கொடுக்க, அம்மாவும் பிள்ளையும் தனியாகப் போட்டால், அம்மாவோடுதான் உரிமை.

இடம் கிடைத்ததும் பிள்ளையை நடைபாதை ஓரத்தில் உட்கார வைக்காதிருப்பது முக்கியம். உணவு வண்டி கனமானது; வெளியே நீட்டிய குட்டிக் காலையும் விரலையும் அது பார்க்காது. சூடான டீயும் அந்தப் பக்கமாகத்தான் கைமாறும்.

பெற்றோர் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வரும் பயம் ஒன்றும் உண்டு: கழிப்பறை. விமானத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதில்லை, வெற்றிடம் உறிஞ்சி இழுக்கிறது. 1982 முதல் விமானங்களில் இருக்கும் இந்த ஏற்பாடு எழுப்பும் ‘புஸ்ஸ்ஸ்’ என்ற உறுமல், இப்போதுதான் டயப்பரை விட்ட மூன்று வயதுக்காரருக்குப் பூதம் வந்ததுபோல. ஒரு தடவை பயந்துவிட்டால் மிச்சப் பயணம் முழுக்க அடக்கிக்கொள்ளும். கடைசியில் சீட்டிலேயே போய்விடும். பிள்ளையை முதலில் வெளியே அனுப்பிவிட்டு, மூடியை இறக்கி, அப்புறம் பட்டனை அமுக்கினால் பாதிப் பயம் போச்சு. மாற்று உடை பிள்ளைக்கு மட்டுமல்லாமல் அம்மாவுக்கும் ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

அழும் குழந்தைகளிடமிருந்து தப்பிக்க விமான நிறுவனங்கள் செய்த ஏற்பாடுகள் தனிக் கதை. ஏர் ஏஷியா எக்ஸ் 2013-ல் சிறுவர் இல்லாத ‘அமைதிப் பகுதி’யைத் தொடங்கியது. இண்டிகோ 2016-ல் சில வரிசைகளை 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று ஒதுக்கியபோது இங்கே சண்டையே நடந்தது. ஜப்பான் ஏர்லைன்ஸ் சீட் வரைபடத்தில் கைக்குழந்தை எங்கே இருக்கிறது என்று ஒரு சின்னப் படம் போட்டுக் காட்டுகிறது. விரும்பாதவர்கள் தள்ளி உட்கார்ந்துகொள்ளலாம். இவற்றில் ஜப்பான் வழியே கண்ணியமானது. ஒரே கூண்டுக்குள் நாலு வரிசை தள்ளி உட்கார்ந்தால் அழுகை கேட்காது என்பதெல்லாம் வியாபாரப் பேச்சு.

விஷயம் சில நேரம் அழுகையோடு நிற்பதில்லை. 2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில், பதற்றத்தில் இருந்த ஒரு மாற்றுத்திறனாளிச் சிறுவனை மற்றப் பயணிகளுக்கு ஆபத்து என்று சொல்லி ஒரு விமான நிறுவனத்தின் ஊழியர்கள் விமானத்தில் ஏற்ற மறுத்தார்கள். விசாரித்த இயக்குநரகம் அந்த நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அதே ஆண்டு ஜூலையில் விதியும் மாறியது. உடல்நிலை மோசமாகலாம் என்று விமான நிறுவனம் நினைத்தால், விமான நிலைய மருத்துவர் நேரில் பார்த்து, பறக்கத் தகுதி உண்டா என்று சொல்ல வேண்டும். ஊழியர்கள் தாங்களாகவே தீர்மானிக்கக் கூடாது. ஆட்டிசம் போன்ற நிலையுள்ள பிள்ளைகளோடு பயணிப்பவர்கள் இந்த விதியைப் போனில் சேமித்து வைத்துக்கொள்கிறார்கள். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கலாம். மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகாரும் பதியலாம்.