இலவச மண்ணில் கட்டடம் எழுப்பலாமா?

இலஞ்சிப் பக்கத்து விவசாயி ஒருவர், செம்மண் எடுத்த பழைய பள்ளத்தை மேடாக்கி அதில் மாட்டுத் தொழுவம் கட்ட எண்ணினார். "இலவசமாக மண் அடித்துத் தருகிறேன் என்று ஒரு லாரிக்காரர் சொல்கிறார். மண் பரிசோதனை அட்டையிலும் எல்லாம் சரியாக இருக்கிறது. அடிக்கச் சொல்லலாமா ஐயா?" என்று கேட்டார்.

அட்டையை வாங்கிப் பார்த்தேன். கார அமில நிலை, உப்பின் அளவு, தழை, மணி, சாம்பல் சத்துகள் இருந்தன. உரம் கணக்கிட அது போதும். ஈயம், காட்மியம், பாதரசம், எண்ணெய்க் கழிவு ஆகியவற்றை அந்தச் சோதனை காட்டாது. மேலும் அது அவர் வயல் மண். லாரியில் வரப்போகும் மண் அன்று.

2024 டிசம்பரில் நெல்லை மாவட்டம் நடுக்கல்லூர், கோடகநல்லூர், கொண்டாநகரம் பகுதிகளில் கேரளத்து மருத்துவக் கழிவுகள் கொட்டப்பட்டிருந்ததை யாவரும் அறிவோம். மூன்று நாளில் அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. டிசம்பர் 22-ல் கேரள அதிகாரிகள் லாரிகளுடன் வந்து அள்ளத் தொடங்கினர். வெளியே தெரிந்ததால் அள்ளினார்கள். மேலே இரண்டடி செம்மண் போட்டு மூடியிருந்தால்? புளியரை வழியே நாள்தோறும் லாரிகள் போய்வரும் தென்காசி வட்டாரத்தில் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது. குற்றாலத்திலிருந்து இறங்கும் சிற்றாற்றுத் தண்ணீர் நமக்குக் கால்வாய் வழியே குளங்களுக்குப் பாய்கிறது. பள்ளத்தில் புதைந்த நஞ்சு மழையில் கரைந்தால் தொழுவத்தோடு நிற்காது, கிணற்றுக்கும் வரும்.

அஸ்திவாரக் கயிறு பிடிப்பதற்கு முன் அந்த இடம் முன்பு என்னவாக இருந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். சூளையா, பட்டறையா, குப்பைமேடா? பிறகு நாலைந்து இடங்களில் இடுப்பளவு குழி தோண்டிப் பக்கச் சுவரைப் பார்க்க வேண்டும். இயற்கை மண் மேலிருந்து கீழாகச் சிறுகச் சிறுக மாறும். கொட்டிய மண்ணில் சாம்பல், பிளாஸ்டிக், கறுப்புப் பட்டை, வேற்று நாற்றம் தெரியும். நாற்றம் கடுமையாக இருந்தால் குழியில் இறங்காதீர்கள்.

உரச் சோதனைக்குப் பல இடத்து மண்ணைக் கலந்து அரைக் கிலோ எடுப்போம். இங்கே கலக்கவே கூடாது. ஓர் இடத்து நஞ்சு ஒன்பது இடத்து நல்ல மண்ணில் மறைந்துவிடும். ஒவ்வொரு இடமும், ஒவ்வொரு அடுக்கும் தனித்தனிப் பையில் இருக்கட்டும். துத்தநாகப் பூச்சு வாளி வேண்டாம். கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்து அனுப்புங்கள். உலோகங்களுக்கும் சோதனை வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் கேட்டுக் கொடுக்க வேண்டும்.

தோண்டும்போது கிடைப்பதை இனம் பிரிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். செங்கல், காரை, கான்கிரீட் துண்டுகள் தரை நிரப்ப உதவும். அவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் ஓடு இருந்தால் உடைக்காமல், நனைத்து ஒதுக்குங்கள். வீட்டுக் குப்பை மக்கி அமுங்கும். மேலே போட்ட தளம் வெடிக்கும். பூச்சிமருந்து டப்பா, பேட்டரி, எண்ணெய்ப் பீப்பாய் ஆகியவை அபாயக் கழிவு. மருத்துவக் கழிவைப் பிரிக்க 2016 விதிகளில் நிறங்கள் உண்டு: இரத்தம் தோய்ந்த பஞ்சுக்கும் காலாவதி மருந்துக்கும் மஞ்சள், குழாய்களுக்குச் சிவப்பு, ஊசிக்கு வெள்ளை, கண்ணாடிக்கு நீலம். இவற்றில் எதைக் கண்டாலும் மண்வெட்டியைக் கீழே வையுங்கள். கையால் பொறுக்காதீர்கள், எரிக்கவும் கூடாது, புகை இன்னும் கேடு. ஊசி குத்திவிட்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கிராம நிர்வாக அலுவலருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்தில் தெரிவித்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மாசடைந்த இடங்களுக்கென 2025-ல் வந்த மத்திய அரசு விதிகள், கெடுத்தவரே சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்கின்றன. ஆனால் கொட்டியவர் யாரென்று காட்ட நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டுமே.

இலஞ்சி நண்பர், எந்த இடத்து மண் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரும்படி லாரிக்காரரிடம் கேட்டார். லாரி வரவில்லை. தொழுவத்தைப் பள்ளத்துக்கு மேற்கே மேட்டில் கட்டிக்கொண்டார்.