சயாம் தேசத்துச் சோற்றுக் கடை

ஒருவரை ஒருவர் கண்டவுடன் "சாப்பாடு ஆயிற்றா?" என்று விசாரிப்பது தமிழ் ஜனங்களின் வழக்கம். பெரம்பலூர் பஸ் நிலையத்திலும் இதைக் கேட்கலாம். அரியலூர் ரயிலடியிலும் கேட்கலாம். கேட்டவர் உடனே இலை போடப் போகிறார் என்று இதற்கு அர்த்தமில்லை. "உம்முடைய க்ஷேமத்தில் எனக்கு அக்கறை உண்டு" என்பதை நாம் இப்படிச் சொல்லிக் கொள்கிறோம், அவ்வளவுதான்.

இதே கேள்வியை இதே கருத்துடன் கேட்கும் இன்னொரு ஜனசமூகம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. சயாம் என்று நம் பெரியோர்கள் சொல்லி வந்த தேசத்தார்தான் அவர்கள். 1939-ல் அந்தத் தேசம் தாய்லாந்து என்று பெயர் மாற்றிக் கொண்டது. யுத்தத்துக்குப் பின் சில காலம் பழைய பெயருக்குத் திரும்பி, 1949 முதல் மறுபடியும் தாய்லாந்தாகவே இருந்து வருகிறது. அவர்கள் "கின் காவ் ரூ யங்?" என்று விசாரிக்கிறார்கள். "சோறு உண்டாயிற்றா, இன்னும் இல்லையா?" என்பது பொருள். குழம்பையும் கறியையும் சொல்ல வேண்டியதில்லை. சோற்றைச் சொன்னாலே முழுச் சாப்பாட்டையும் சொன்னதாகிவிடும்.

சென்னை முதலிய பெரிய நகரங்களில் இப்போது தாய் உணவு விடுதிகள் இருக்கின்றன. பெரம்பலூர், அரியலூர்ப் பிள்ளைகள் படித்து உத்தியோகத்துக்குப் போய், ஊரிலிருந்து வரும் பெற்றோரை அங்கே அழைத்துச் செல்கிறார்கள். "தாய் உணவு" என்ற பலகையைப் படித்துவிட்டு, பெற்ற தாயின் கைப்பக்குவம் கிடைக்கும் என்று எண்ணி நுழையும் தகப்பனார், உணவுப் பட்டியலைக் கண்டதும் திகைக்கிறார். அம்மாளோ, "எதை எதைப் போட்டிருப்பார்களோ!" என்று மெல்லக் கவலைப்படுகிறாள். அந்த அம்மாளை உத்தேசித்தே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கடையும் தட்டும்

நகரத்து விடுதியின் பளபளப்பை வைத்து அந்தச் சாப்பாட்டை மதிப்பிடலாகாது. அது பிறந்த இடம் பாங்காக் நகரத்துச் சந்துகளில் உள்ள சிறு கடைகள். தெருவைப் பார்த்துத் திறந்த முகப்பு, நாலைந்து மேஜைகள், வாசலில் தட்டுத் தட்டாய்ச் சமைத்து வைத்த குழம்பும் கறியும். இத்தகைய கடைக்கு அங்கே "காவ் கேங்" கடை என்று பெயர். காவ் என்பது சோறு. கேங் என்பது குழம்பு. சோற்றுக் குழம்புக் கடை! நம் ஊர் மெஸ்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு உண்டோ? வருகிறவர் விரலால் சுட்டிக் காட்டுவார். ஒரு தட்டுச் சோற்றின்மேல் இரண்டு மூன்று வகை வந்துவிடும்.

பல கடைகளில் மேஜைமேல் நாலு சிறு பாத்திரங்கள் இருக்கும். சர்க்கரை, மீன் சாறு, காடியில் ஊறிய மிளகாய், மிளகாய்ப் பொடி ஆகியவை அவற்றில் உண்டு. இனிப்பு, உப்பு, புளிப்பு, காரம் ஆகிய நான்கையும் உண்பவர் தம் நாவுக்கு ஏற்பச் சரிக்கட்டிக் கொள்ளலாம். அதைச் சமைத்தவர் அவமதிப்பாக நினைப்பதில்லை. நம் ஊரில் குழம்புக்கு உப்புக் கேட்டால் பரிமாறுகிறவர் முகம் போகிற போக்கை நேயர்கள் அறிவார்கள்!

உண்ணும் முறையும் கஷ்டமானதன்று. வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்கரண்டி. முள்ளால் சோற்றைக் கரண்டிக்குள் தள்ளி, கரண்டியால் உண்ண வேண்டும். கத்திக்கு வேலை இல்லை. சீனர்களின் குச்சி, நூடுல்ஸ் வகைகளுக்கு மட்டுமே. கரண்டியும் முள்ளும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரண்மனை வழியாக வந்த பழக்கம். அதற்கு முன் அவர்களும் நம்மைப் போலக் கையால் உண்டவர்களே. வடக்கிலும் வடகிழக்கிலும் பசையரிசிச் சோற்றை இன்றும் கையால் கவளமாக உருட்டித்தான் உண்கிறார்கள். பலர் சேர்ந்து போனால் சோறு அவரவர் தட்டில். கறிகள் நடுவில், எல்லோருக்கும் பொது.

அம்மாளின் கவலை முற்றிலும் வீண் என்றும் சொல்வதற்கில்லை. மீன் சாறு என்பது நெத்தலி போன்ற சிறு மீனை உப்பில் மாதக்கணக்காக ஊறவைத்து வடித்த சாறு. நமக்கு உப்பு எப்படியோ அப்படி அவர்களுக்கு அது. குழம்புக்கு அரைக்கும் மசாலையில் பெரும்பாலும் இறால் விழுதும் உண்டு. ஆகவே மரக்கறி உண்பவர்கள் "மாமிசம் வேண்டாம்" என்று சொன்னால் போதாது. மீன் சாறும் இறால் விழுதும் கூடாது என்று விவரமாகச் சொல்ல வேண்டும். அங்கே போகிறவர்கள் "மங்ஸவிரத்" என்ற சொல்லை நினைவில் வைக்கட்டும். மாம்ஸ விரதி என்ற ஸம்ஸ்கிருதச் சொற்களே அப்படித் திரிந்திருக்கின்றன. "ஜே" என்று சொன்னால் இன்னும் கண்டிப்பான சைவம். அதில் பூண்டு வெங்காயமும் விலக்கு.

தட்டில் நம் ஊர்

இனி அந்தத் தட்டில் இருப்பவற்றைச் சற்று ஆராய்வோம். "தோம் யாம்" என்ற புளிப்பும் காரமும் கலந்த ரசத்தைச் சொல்லாத தாய் விடுதி இல்லை. இறால் சேர்த்த தோம் யாம், 2024-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டுச் செல்வப் பட்டியலில் இடம் பெற்றது. அதில் மணம் தருவன மூன்று. ஒன்று எலுமிச்சம்புல். இன்னொன்று பேரரத்தை, குழந்தைகளின் இருமலுக்கு நாம் உரைத்துக் கொடுக்கும் சித்தரத்தைக்கு மூத்த சகோதரி. மூன்றாவது ஒருவகை எலுமிச்சையின் இலை; நார்த்தை இலையை இடித்து வேப்பிலைக்கட்டி செய்யும் வீட்டாருக்கு அந்த வாசனை புதிதல்ல.

குழம்பு மசாலையோ மிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம் ஆகியவற்றைக் கல்லுரலில் இடித்துச் செய்வது. பெரிய வெங்காயம் உதவாது. சின்ன வெங்காயமே வேண்டும். அது பெரம்பலூர்ச் சீமையின் பெயர் பெற்ற விளைபொருள் அல்லவா? செட்டிகுளம் பக்கத்துக் குடியானவர்கள் பட்டறை போட்டுப் பாதுகாக்கும் அதே சரக்குதான். முந்திரிப் பருப்பைக் கோழிக்கறியுடன் வதக்கித் தருவது தாய் விடுதிகளின் இன்னொரு பிரசித்தமான பதார்த்தம். முந்திரிக்கோ அரியலூர் மாவட்டத்து ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்துச் செம்மண் நிலங்களைப் பார்த்தால் போதும். "பாட் தாய்" என்ற அரிசி நூடுல்ஸில் புளியும் வெல்லமும் வேர்க்கடலையும் சேர்கின்றன. பச்சைக் குழம்பில் தேங்காய்ப் பால். எதைக் கண்டு அம்மாள் பயந்தாளோ, அதில் பாதிக்கு மேல் அவளுடைய அஞ்சறைப் பெட்டியிலும் கொல்லைப்புறத்திலும் இருப்பதே!

சுதேசி எது?

"ஆனாலும் அந்நிய உணவு அந்நிய உணவுதானே?" என்று ஒரு சுதேசாபிமானி கேட்கக் கூடும். அவரிடம் ஒரு மிளகாயை நீட்டுகிறோம். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498-ல். அதன் பிறகு போர்த்துக்கேயர் வழியாகவே அமெரிக்க மிளகாய் நம் தேசத்துக்கு வந்தது. அதே போர்த்துக்கேயர் 1511-ல் சயாமின் அயுத்தயா அரசவைக்குத் தூது அனுப்பினார்கள். அதற்கு முன் நம் காரமெல்லாம் மிளகுதான். முந்திரி, வேர்க்கடலை, பப்பாளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்தின் கொடைகளே. நாமும் சயாமியரும் ஒரே கப்பலில் வந்த விருந்தாளியை வீட்டுப் பிள்ளையாக்கிக் கொண்டவர்கள்.

பாட் தாயின் கதை இன்னும் வேடிக்கை. 1938-ல் பிரதம மந்திரியான பிபுன் சொங்க்ராம் தீவிர தேசீயவாதி. யுத்த காலத்தில் அவருடைய அரசாங்கம் நூடுல்ஸ் உண்ணும்படி ஜனங்களைத் தூண்டியது. பாட் தாய் தேசீய உணவாகப் பரவியது அக்காலத்தில்தான். நூடுல்ஸோ சீனர்கள் கொண்டு வந்தது! பொருள் எங்கே பிறந்தது என்பதைவிட, அதை யார் தினந்தோறும் அன்புடன் சமைத்தார்கள் என்பதே ஓர் உணவைச் சுதேசியாக்குகிறது.

ஆயிரம் வருஷத்துத் தொடர்பு

அரியலூர் மாவட்டத்தாருக்குச் சயாம் தூர தேசமும் அன்று. கங்கைகொண்ட சோழபுரத்தில் அரசு வீற்றிருந்த ராஜேந்திர சோழன் 1025-ல் கடாரத்தின்மேல் கப்பற்படை அனுப்பினான். அவன் மெய்க்கீர்த்தி கூறும் தலைத்தக்கோலமும் மாதமாலிங்கமும் இன்றைய தாய்லாந்தின் தென்பகுதியில் இருந்தவை என்பது ஆராய்ச்சியாளர்கள் பலர் கருத்து. அதற்கும் முன்னரே, ஒன்பதாம் நூற்றாண்டில், தகுவா பா என்ற இடத்தில் ஒரு குளம் வெட்டி, அதை மணிக்கிராமத்து வணிகர் முதலியோர் பாதுகாப்பில் விட்டதைத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. படை வந்தது, போயிற்று. குளம் வெட்டியவர்களே நமக்கு அங்கே நல்ல பெயர் தேடித் தந்தவர்கள்.

துயரமான தொடர்பும் ஒன்று உண்டு. 1942, 1943-ஆம் வருஷங்களில் ஜப்பானியர் போட்ட சயாம் - பர்மா ரயில் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழர்கள் ஆயிரமாயிரமாக மாண்டார்கள். வயிறாரச் சோறு கிடையாமல், நோய்க்கு மருந்தும் கிடையாமல் மடிந்தவர்கள் அவர்கள். சயாம் சோற்றை ருசிக்கும்போது அவர்களை ஒரு கணம் நினைப்பது நம் கடமை.

நாம் கற்க வேண்டியது

2002-ல் தாய்லாந்து அரசாங்கம் உலகமெங்கும் தாய் உணவு விடுதிகளைப் பெருக்க ஒரு திட்டம் வகுத்தது. ஆனால் திட்டம் மட்டும் போதுமா? அந்த ஜனங்கள் தங்கள் சந்துக் கடைச் சாப்பாட்டைக் குறித்து வெட்கப்படவில்லை. தாங்கள் தினம் உண்பதையே உலகத்துக்கும் பரிமாறினார்கள். உலகம் விரும்பி உண்டது.

நம் பெரம்பலூர், அரியலூர்க் கடைத்தெருவைப் பாருங்கள். பரோட்டாவும் பிரைட் ரைஸும் எங்கும் கிடைக்கும். மானாவாரி நிலத்தில் விளைந்து தலைமுறை தலைமுறையாக நம்மை வளர்த்த வரகுச் சோறு எந்தப் பலகையில் இருக்கிறது? பெரம்பலூர் நிலங்களில் இன்று மக்காச்சோளமும் பருத்தியுமே மிகுதி. மக்காச்சோளமும் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிறது. உண்பார் இல்லாத தானியத்தைக் குடியானவன் எதற்காக விதைப்பான்?

ஆகவே சயாம் விடுதிக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். அம்மாளையும் பயமின்றி அழைத்துப் போங்கள். ஊர் திரும்பியதும், வழக்கமாகச் சாப்பிடும் கடையில் முதலாளியை ஒரு கேள்வி கேளுங்கள்: "வரகுச் சோறும் சின்ன வெங்காயக் குழம்பும் என்றைக்குப் போடுவீர்கள்?" நாலு பேர் கேட்டால் அவர் சிரிப்பார். நாற்பது பேர் கேட்டால் அடுப்பில் உலை ஏறிவிடும்.