கையாள் மேஸ்திரி ஆவது எப்போது?

கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே இருக்கிறது செங்கல் கிராமம். பெயரைக் கேட்டதும் நம்மவர்களுக்குச் சூளையில் சுட்ட செங்கல்தான் நினைவுக்கு வரும். மலையாளத்திலோ செங்கல் என்றால் மண்ணிலிருந்து வெட்டி எடுக்கும் சிவப்புக் கல். வெட்டுகல் என்றும் சொல்வார்கள். எந்தப் பொருளில் எடுத்துக்கொண்டாலும், கட்டட வேலைக்குப் பெயர்போன இந்தப் பகுதிக்குப் பொருத்தமான பெயர்தான்!

செங்கல் மகேஸ்வரம் கோவிலில் 111 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் சிவலிங்கத்தைப் பார்க்க வெளியூர்களில் இருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆனால் இந்தக் கிராமத்தில் இருந்தும், சுற்றியுள்ள தனுவச்சபுரம், உதியன்குளங்கரை, பாறசாலை பகுதிகளில் இருந்தும் தினமும் விடியற்காலையில் வெளியே போகிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

அவர்கள் கொத்து வேலைக்குப் போகிறவர்கள்.

நாகர்கோவில் – திருவனந்தபுரம் ரெயில் பாதை 1979-ம் ஆண்டு திறக்கப்பட்டது. அந்தப் பாதையில் உள்ள ஒரு நிலையத்தில் டிக்கெட் கொடுப்பது என் வேலை. காலை ரெயிலுக்கு வரும் கொத்து வேலைக்காரர்களைப் பையை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். பையில் கரண்டி, தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம், ஒரு சோற்றுப் பாத்திரம் இருக்கும். வேலை நடக்கும் இடம் அடிக்கடி மாறுவதால் இவர்களில் பலர் சீசன் டிக்கெட் எடுப்பதில்லை.

இவர்களில் மேஸ்திரி யார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி உண்டு. ஐந்து பேருக்கும் சேர்த்து டிக்கெட் வாங்குகிறவர் எவரோ, அவர்தான் மேஸ்திரி.

ஒரே நாளில் இரண்டு பையன்கள் சாந்துச் சட்டி தூக்க வருகிறார்கள். பத்து வருடம் கழித்து ஒருவன் ஐந்து டிக்கெட் வாங்குகிறான். இன்னொருவன் இன்னும் சட்டியே தூக்குகிறான். இது ஏன்?

பெயர் முதலில், பதவி பிறகு

தமிழ்நாட்டில் மேஸ்திரி என்றால் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர். திருவனந்தபுரம் பக்கத்தில் கொத்து வேலை தெரிந்த எல்லோருமே மேசிரிதான். உதவிக்கு நிற்பவர் கையாள். சட்டி தூக்குவது மைக்காடு வேலை. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு போட்டார்கள். ஆனால் வேலைக்காரர்களும் வேலைச் சொற்களும் இன்றும் இரண்டு பக்கமும் போய் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஆக, இங்கே மேசிரி என்ற பெயர் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. உண்மையான மேஸ்திரி ஆவதுதான் கடினம். இதை நான் தெரிந்துகொண்டது என் சொந்த வீட்டில்.

"கான்கிரீட்டுக்குப் பஞ்சாங்கம் தெரியாது"

சில ஆண்டுகளுக்கு முன் சிறிய வீடு ஒன்று கட்டினேன். செங்கல் கிராமத்தைச் சேர்ந்த ஒரு மேஸ்திரி வேலையை ஏற்றுக்கொண்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "அண்ணே" என்றுதான் கூப்பிடுவேன்.

மேல்தளக் கான்கிரீட் போட்டு எட்டு நாள் ஆகியிருந்தது. பால்காய்ப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. உள்ளே பூச்சு வேலை தொடங்க வேண்டும் என்ற அவசரத்தில், அடியில் கொடுத்திருந்த முட்டுகளையும் தட்டுகளையும் பிரிக்கச் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார்.

"பதினாலு நாளு கழியட்டும் தம்பி. கான்கிரீட்டுக்குப் பஞ்சாங்கம் தெரியாது, பாத்துக்கிடுங்க."

எனக்குக் கோபம் வந்தது. "வேறு ஆளை வைத்துப் பிரித்துக்கொள்கிறேன்" என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "பிரிங்க. ஆனா தட்டு எளக்கும்போது அடியில நிக்கப்போறது நீங்களும் இல்ல, நானும் இல்ல. யாரு பெத்த பிள்ளையோ!" என்றார்.

நான் வாயடைத்துப்போனேன். பால்காய்ப்பைத் தள்ளிவைத்தோம்.

பிறகு விசாரித்தபோதுதான் அவர் சொன்னதன் நியாயம் புரிந்தது. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 456, சாதாரண சிமெண்டில் போட்ட தளத்துக்குக் குறைந்தபட்ச நாட்களைச் சொல்கிறது. தளத்தின் அகலம் 4.5 மீட்டர் வரை இருந்தால் முட்டுகள் 7 நாள் நிற்க வேண்டும். அதற்கு மேல் என்றால் 14 நாள். 6 மீட்டருக்கு மேற்பட்ட உத்திரம் என்றால் 21 நாள். சாம்பல் கலந்த சிமெண்டு இறுக நேரம் அதிகம் பிடிக்கும் என்பதால் நாளைக் கூட்ட வேண்டிவரும். எங்கள் முன்னறை 5 மீட்டர்!

அந்தப் புத்தகத்தை அண்ணன் படித்ததில்லை. ஆனால் கூலி கொடுக்கிறவன் முகத்துக்கு நேராக "முடியாது" என்று சொல்லும் தைரியம் அவரிடம் இருந்தது. தன் ஆட்களின் உயிருக்குத் தானே பொறுப்பு என்ற நினைப்பு இருந்தது. மேஸ்திரி ஆவதற்கு முதல் தகுதி இதுதான் என்பேன்.

கணக்கு அறியாதவன் கை

இரண்டாவது தகுதி கணக்கு. அண்ணன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய நோட்டு இருக்கும். அன்று வந்த ஆட்கள், இறங்கிய மணல், செலவான சிமெண்டு மூட்டை, கொடுத்த முன்பணம் எல்லாம் அதில் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் கூலி தவறாது. நான் பணம் கொடுக்கத் தாமதித்த ஒரு வாரம், தன் கைப்பணத்தில் இருந்து ஆட்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். அவரிடம் ஆட்கள் நிலைத்து நிற்பதன் ரகசியம் அதுதான்.

கம்பி எடை போடுவதை அவரிடம்தான் கற்றேன். கம்பியின் கனத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 மில்லிமீட்டர் கம்பி என்றால் 144-ஐ 162-ஆல் வகுக்க வேண்டும். மீட்டருக்கு ஏறத்தாழ 890 கிராம். கடைக்காரர் தரும் எடைச் சீட்டு சரிதானா என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடலாம்.

கீழே இருப்பவன் சொல்

மூன்றாவது தகுதி, கீழே இருப்பவன் சொல்வதைக் காதில் வாங்குவது. ரெயில்வேக்காரன் என்பதால் பாம்பன் பாலத்தின் கதையைச் சொல்லத் தோன்றுகிறது.

1964-ம் ஆண்டு டிசம்பர் மாதப் புயலில் பாம்பன் பாலத்தின் இரும்பு உத்திரங்களில் பெரும்பாலானவை கடலுக்குள் போய்விட்டன. அதைச் சீராக்கும் பொறுப்பு, அப்போது 32 வயதான இ.ஸ்ரீதரனுக்கு வந்தது. பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவர். புது உத்திரங்கள் செய்து கொண்டுவர மாதக்கணக்கில் ஆகும் என்ற நிலை. பழைய உத்திரங்கள் கடலடியில் கிடக்கும் இடத்தை மீனவர்கள் சொன்னார்கள். அவற்றை மீட்டெடுத்துத் திரும்பவும் பொருத்தினார்கள். ஆறு மாதம் என்று குறித்த வேலை 46 நாளில் முடிந்தது. அவர்தான் பிற்காலத்தில் கொங்கண் ரெயில் பாதையையும் டெல்லி மெட்ரோவையும் கட்டி முடித்தவர்.

திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கரும் இந்த ரகம்தான். இங்கிலாந்தில் பிறந்து 1945-ல் இந்தியா வந்தவர். கட்டடம் எழும் இடத்தில் கொத்தனார்களோடு நின்று, அவர்கள் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தே வேலை வாங்கினார். கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு, அவரால்தான் இங்கே பரவியது. சுவருக்கு வேண்டிய கல்லில் கால் பங்கு மிச்சமாகும். உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களைப் போய்ப் பாருங்கள். பூச்சு இல்லாத அந்தச் சுவர்களில் கொத்தனாரின் கைத்திறன் அப்படியே தெரியும். பேக்கர் 2007-ல் மறைந்தார். 1985-ல் அவரும் சேர்ந்து தொடங்கிய காஸ்ட்போர்டு அமைப்பு அவர் வழியில் கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறது.

ஏணி இல்லாத மாடி

இந்த மூன்று தகுதியும் இருந்தும், செங்கல் அண்ணன் மேஸ்திரியோடு நின்றுவிட்டார். அதற்கு மேல் போக முடியவில்லை.

ஒரு கட்டுமானக் கம்பெனியில் மேற்பார்வையாளர் வேலைக்குக் கேட்டுப்போனார். "சர்டிபிகேட் உண்டா?" என்று கேட்டார்கள். இல்லை. அந்த வேலைக்கு டிப்ளமோ முடித்த ஓர் இளைஞன் வந்தான். "நல்ல பையன்தான். ஆனா ஒவ்வொண்ணுக்கும் எங்கிட்டதான் வந்து கேட்டான்" என்று சிரித்தபடி சொன்னார் அண்ணன். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றும் மறக்கவில்லை.

படித்த பையனைக் குறை சொல்வதற்கில்லை. வரைபடத்தைப் படிக்கவும், அளவுப் புத்தகம் எழுதவும் அவனுக்குத் தெரியும். அண்ணனுக்கு அது முழுதாகத் தெரியாது. ஏணி எங்கே இருக்கிறது என்று அவருக்கு யாரும் காட்டவில்லை.

ஏணி போட்டுக் காட்டியவர்கள் கேரளத்திலேயே இருக்கிறார்கள். வடகரை அருகே ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் 1925-ல் பதிவானது. சமூகச் சீர்திருத்தவாதி வாக்படானந்தரின் வழியில் நின்றதற்காக வேலை மறுக்கப்பட்டவர்கள், தாங்களே வேலையை ஒப்பந்தம் எடுத்துச் செய்யச் சேர்ந்தார்கள். 14 பேர். கட்டிய மூலதனம் 6 அணா. இன்றைய கணக்கில் 37 காசு!

நூறு வருடம் கடந்த அந்தச் சங்கம் சாலை, பாலம், தொழில்நுட்பப் பூங்கா என்று ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுக்கிறது. அதன் இயக்குநர்களைத் தொழிலாளர்களே, தங்களுக்குள் இருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். கல் சுமந்தவன் நிர்வாகத்தில் உட்கார அங்கே வழி இருக்கிறது. வேலையைத் தெரிந்தவனே வேலையை நடத்துகிறான்.

நம் பிள்ளைகள் என்ன செய்யலாம்?

விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கழக்கூட்டத்தில் இருந்து வரும் புறவழிச்சாலை நம் காரோட்டில்தான் முடிகிறது. ரெயில் பாதையை இரட்டிப்பாக்கும் வேலை எங்கள் கண் முன்னே நடக்கிறது. வேலை வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறது. அதில் நம் பிள்ளைகள் சட்டி மட்டும்தான் தூக்க வேண்டுமா?

தனுவச்சபுரத்தில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. நாட்டில் உள்ள இத்தகைய நிலையங்கள் பலவற்றில் கட்டடப் படவரைவுக்கு இரண்டு வருடப் படிப்பு உண்டு. வரைபடம் படிக்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

கொல்லத்தை அடுத்த சவராவில் அரசின் கட்டுமானப் பயிற்சி நிறுவனம் 2018-ல் தொடங்கியது. அதை நடத்துவது மேலே சொன்ன ஊராளுங்கல் சங்கம். கைத்தொழிலாளர், மேற்பார்வையாளர், மேலாளர் என்று மூன்று படிகளில் அங்கே பயிற்சி தருகிறார்கள்.

ஏற்கனவே வேலை தெரிந்தவர்களுக்கும் வழி உண்டு. பள்ளிக்குப் போகாமல் கற்ற தொழிலைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறை, மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் எந்த மையத்தில் நடக்கிறது என்று விசாரித்துப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

பெண்களையும் மறந்துவிடக் கூடாது. சித்தாளாக வந்தவர் சித்தாளாகவே ஓய்வுபெறுவதுதான் இதுவரை வழக்கம். ஆனால் குடும்பஸ்ரீ இயக்கத்தில் பெண்கள் கொத்து வேலை பயின்று, குழுவாகச் சேர்ந்து வீடுகளைக் கட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு செல்வம் நம்மிடம் இருக்கிறது. எல்லையோரத் தமிழனுக்குத் தமிழும் மலையாளமும் தாய்மொழி மாதிரி. இன்றைய வேலைத்தளங்களில் வங்காளம், அசாம், ஒரிசா பக்கத்துத் தொழிலாளர்கள் நிறைந்திருக்கிறார்கள். கொஞ்சம் இந்தியும் கற்றுக்கொண்டால் அவர்களையும் அரவணைத்து வேலை நடத்த நம்மவர்களுக்கு நிகர் யார்?

ஒரே ஒரு டிக்கெட்

அண்ணனின் மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு இரண்டு வருடமாக அப்பாவோடு மைக்காடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். "கையில தொழில் இருக்கு. படிச்சு என்ன ஆகப்போவுது?" என்பது அவன் வாதம். "கையில தொழில் இருந்துதான் நான் இங்கயே நிக்கேன்" என்பது அப்பாவின் பதில். வீட்டில் இதனால் பேச்சுவார்த்தை கூட நின்றுபோயிருந்தது.

போன மாதம் ஒருநாள் காலை. வழக்கம்போல அண்ணன் ஜன்னலுக்கு வந்தார். வழக்கம்போல ஐந்து டிக்கெட்டுக்குக் கையை நீட்டினேன்.

"திருவனந்தபுரத்துக்கு நாலு தம்பி. கொல்லத்துக்கு ஒண்ணு" என்றார்.

பின்னால் மகன் நின்றுகொண்டிருந்தான். தோளில் கரண்டிப் பை இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மதிப்பெண் சான்றிதழ்கள். சவராவுக்கு விசாரிக்கப் போகிறானாம்.

இடம் கிடைத்ததா என்ற தகவல் இன்னும் வரவில்லை. கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டாலும் தனுவச்சபுரம் இருக்கிறது. கட்டடத்துக்குச் சாரம் கட்டிக்கொடுத்தவர்கள் நாம். நம் பிள்ளைகள் ஏற ஓர் ஏணி சாத்திக் கொடுக்க மாட்டோமா?