நன்றிச் சோறு மிஞ்சக் கூடாது, தெரியுமா?

ஜமாதுல் ஆகிர் பிறை கண்டால் இலங்கையின் கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை பேரில் கொடி ஏறும். கடைசி நாள் கந்தூரி விருந்து. ஆவி பறக்கிற சோறு கைமாறிக் கைமாறி, முன்பின் தெரியாதவர் வீட்டுக்கும் போய்ச் சேரும்.

இப்படிப் பகிர்ந்து உண்ண வைக்கும் சட்டம் ஒன்று பைபிளில் இருப்பது தெரியுமா? லேவியராகமம் 7ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஸ்தோத்திர பலியின் இறைச்சியை அன்றைக்கே சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும். விடியும்வரை ஒரு துண்டும் மிஞ்சக் கூடாது! ஒரு முழு ஆட்டை ஒரு குடும்பம் ஒரே நாளில் தின்று முடிக்குமா? அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டே ஆக வேண்டும். தனியே உட்கார்ந்து நன்றி சொல்ல வழியே இல்லை! எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும் இடம் இது. அந்தப் பலிக்கு எபிரேயத்தில் 'தோடா' என்று பேர். இன்றைய எபிரேயத்தில் கடைக்காரருக்கு நன்றி சொல்வதும் அதே சொல்லால்தான்!

கத்தோலிக்கர் திருப்பலியில் வாங்கும் நற்கருணையின் கிரேக்கப் பேர் 'யூக்கரிஸ்தியா'. பொருள், நன்றி செலுத்துதல்! பிடிபடப்போகும் அந்த இரவிலும் அப்பத்தைக் கையில் எடுத்த இயேசு, நன்றி சொல்லிவிட்டுத்தான் பிட்டார்.

நம் தொழுகையிலும் அப்படித்தானே? பாத்திஹாவில் பிஸ்மியை அடுத்து வருவதே 'அல்ஹம்துலில்லாஹ்', புகழும் நன்றியும் அல்லாஹ்வுக்கே என்று. ஐவேளை பர்ளு 17 ரக்அத். ஆக, நாளுக்கு 17 தடவை! நேர்வழி காட்டச் சொல்லிக் கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

லூக்கா 17இல் குஷ்டம் நீங்கியவர்கள் பத்துப் பேர். திரும்பி வந்து நன்றி சொன்னது ஒரே ஒருவர், அதுவும் யூதர் ஒதுக்கிவைத்த சமாரியர்! நாகூருக்குப் போனால் அந்தச் சமாரியர் ஞாபகம் வரும். அங்குள்ள ஷாஹுல் ஹமீது ஆண்டகை தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயர்ந்த 131 அடி மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். பிள்ளை வரம் கிடைத்த நன்றிக்கு ஓர் இந்து மன்னர் எழுப்பிய மினாரா!

அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குள் வேளாங்கண்ணி. புயலில் தப்பிக் கரையேறிய போர்த்துக்கேய மாலுமிகள் மாதாவுக்கு நன்றியாக அங்கே கோயில் கட்டினார்கள் என்பது வழிவழிச் செய்தி. கட்டியதோடு விடவில்லை, அடுத்த பயணத்தில் சீனத்துப் பீங்கான் தட்டுகளையும் கொண்டுவந்தார்கள். பைபிள் காட்சிகள் தீட்டிய அந்தத் தட்டுகள் பீடத்தைச் சுற்றி இன்றும் பதிந்திருக்கின்றன.