ரத்தப் புற்றுநோய்க்குச் சுதேசி சிகிச்சை

கீழப்பாவூரில் வயலையும் பீடித் தொழிலையும் நம்பி ஜீவிக்கும் குடும்பம் ஒன்றில் ரத்தப் புற்றுநோய் புகுந்துவிட்டால் நேரக்கூடியதை நாம் விவரிக்க வேண்டுவதில்லை. வழக்கமான மருந்துகளால் குணமடைவோர் அநேகர் உண்டு. ஆனால் தணிந்த நோய் மறுபடி தலைதூக்கிவிட்டால், வைத்தியர்கள் பெரும்பாலும் கைவிரிக்கும்படியாகவே இருந்து வந்தது. அந்த நிலையை மாற்றும் சிகிச்சை ஒன்று இப்பொழுது நம் தேசத்திலேயே தயாராகிறது.

நமது ரத்தத்தில் 'டி' அணுக்கள் என்றொரு சேனை உண்டு. அன்னியக் கிருமிகளை இனங்கண்டு அழிப்பது அதன் தொழில். புற்றுநோய் அணுவோ நம் உடலிலேயே பிறந்தது. வீட்டுக்குள்ளிருக்கும் துரோகியை இனங்காண்பது எளிதன்று அன்றோ! ஆகவே நோயாளியின் ரத்தத்திலிருந்து அவ்வணுக்களைப் பிரித்தெடுத்து, தீங்கு செய்யாதபடி மாற்றப்பட்ட வைரஸ் ஒன்றின் மூலம் புதிய மரபணுவை அவற்றுள் செலுத்துகிறார்கள். அதன் பயனாக அணுவின் மேற்புறத்தில் கொக்கி போன்ற ஓர் உறுப்பு தோன்றுகிறது. 'சி.டி. 19' என்னும் பொருளைத் தாங்கிய அணுவைக் கண்டால் அக்கொக்கி விடாது பற்றும். இவ்வாறு ஆயுதம் பூண்ட அணுக்களைக் கோடிக்கணக்கில் பெருக்கி, அதே நோயாளிக்கு ஏற்றுகிறார்கள். 'கார்-டி' சிகிச்சை என்பது இதன் பெயர். அபாயம் இல்லாமலில்லை: கடும் ஜுரம் காணலாம், ரத்த அழுத்தம் வீழலாம், உயிருக்கே ஆபத்து நேர்வதும் உண்டு. 'சி.டி. 19' தாங்கிய நல்ல அணுக்களும் மடிவதால், பிற தொற்றுகளுக்கு உடல் இடங்கொடுக்கும்.

2017-ல் அமெரிக்க சர்க்கார் முதன்முதலாக அனுமதித்த இவ்வகை மருந்தின் விலை 4,75,000 டாலர். அதாவது அன்றைய மதிப்பில் 3 கோடி ரூபாய். பம்பாய் ஐ.ஐ.டி.யின் ராகுல் புர்வாரும் அவர் சகாக்களும், டாடா நினைவு மையத்து வைத்தியர்களும் இதைக் கண்டு மலைத்து நின்றுவிடவில்லை. கொக்கியைத் தாங்களே வடிவமைத்தார்கள். 2021-ல் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். 'நெக்ஸ்கார் 19' என்ற அச்சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்திய சர்க்காரின் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4-ந் தேதி ஜனாதிபதி திரௌபதி முர்மு அதைத் தொடங்கி வைத்தார். 2025-ல் வெளியான முடிவுகளின்படி, பலன் கணிக்கப்பட்டவர்களில் 73 சதவிகிதத்தினருக்கு நோய் பின்வாங்கியது. வேறு மருந்துகள் பலிக்காதவர்களே இவர்கள் என்பதை நேயர்கள் மறக்கலாகாது. விலையோ சுமார் 30 முதல் 40 லட்சம் ரூபாய்.

பத்தில் ஒரு பங்காயிற்று என்று பெருமைப்படுவது நியாயமே. எனினும் கீழப்பாவூர் குடியானவர் தம் நஞ்சையை விற்றாலும் 30 லட்சம் திரளுமா? முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பமொன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. எஞ்சிய தொகைக்கு அவர் எங்கே போவார்?

இக்கேள்விக்கு வேலூரில் ஒரு விடை உருவாகியிருக்கிறது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், அணுக்களைத் தொலைதூரத் தொழிற்சாலைக்கு அனுப்பாமல், ஆஸ்பத்திரியிலேயே சுமார் 9 நாட்களில் தயாரித்து 10 நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். 15 மாத அளவில் 8 பேரிடம் நோய் தென்படவில்லை என்று 2025-ல் அறிவிக்கப்பட்டது. பத்துப் பேரைக் கொண்டு முடிவு கட்டுவதற்கில்லைதான். ஆனால் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் இது சாத்தியம் என்பது நிரூபணமாகிவிட்டது. இத்தகைய தயாரிப்புக் கூடத்தை மதுரையிலோ திருநெல்வேலியிலோ உள்ள சர்க்கார் ஆஸ்பத்திரியில் அமைக்கவும், அதுவரை இந்தச் சிகிச்சைக்கு மட்டுமாவது காப்பீட்டு வரம்பை உயர்த்தவும் சர்க்கார் முன்வர வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.