சீப்பைப் பார்த்து மிரளாதீங்க!

காலையில் சீப்பு நிறைய முடி. 'ஐயையோ, வழுக்கையாயிடுமோ?'ன்னு பதறுகிறீர்களா? தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது சகஜம்தான். வகிடு அகன்றுகொண்டே போனால் மட்டும் தோல் டாக்டரைப் பாருங்கள்.

அவர் மினாக்ஸிடில் எழுதிக் கொடுத்தால், முதல் சில வாரம் முடி இன்னும் அதிகமாகக் கொட்டலாம். பழைய முடி விழுந்து புதுசுக்கு இடம் விடுகிறது, அவ்வளவுதான். இந்த நேரத்தில்தான் பல பேர் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்! நாலு மாதமாவது பொறுங்கள். பலன் தெரிந்தபின் நிறுத்தினாலும் வந்த முடி போய்விடும். கர்ப்பிணிகள் இதைத் தடவக் கூடாது. கணவரின் ஃபினாஸ்டரைடு மாத்திரை உடைந்திருந்தால் தொடவும் கூடாது.

சத்து மாத்திரையா? இரும்புச்சத்தும் தைராய்டும் டெஸ்ட் பண்ணிய பிறகு. ஏற்கெனவே பயோட்டின் சாப்பிட்டால் டெஸ்ட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தைராய்டு ரிசல்ட்டையே அது மாற்றிக் காட்டும்.

பட்டினி கிடந்து இளைத்தீர்களா? இரண்டு, மூன்று மாதம் கழித்து முடி கொட்டும். பழியோ, பாவம், ஷாம்பு மேல்!